மூடி பொருந்தினால் மட்டும் போதாது

கோடை முடியும்போது அமெரிக்காவின் பல வீடுகளில் பீன்ஸ், மக்காச்சோளம், கோழி சூப் எல்லாம் கண்ணாடி ஜாடிக்குள் போய்விடும். குளிர்காலத்துக்கான சேமிப்பு. ஊறுகாய் போல உப்பும் புளிப்பும் இவற்றைக் காப்பதில்லை. புளிப்பு குறைந்த இத்தகைய உணவில் (பி.எச். 4.6-க்கு மேல்) போட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்துக்கொள்ளும். அவற்றை அழிக்க 116 முதல் 121 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதற்குத்தான் பிரஷர் கேனர். அந்தச் சூட்டையும் அழுத்தத்தையும் ஜாடியும் தாங்கியாக வேண்டும்.

அமெரிக்க வேளாண் துறை பரிந்துரைப்பது, வாயில் மரை உள்ள மேசன் ஜாடி. 1858-ல் ஜான் லாண்டிஸ் மேசன் காப்புரிமை பெற்ற ஜாடியின் வழிவந்தது. இன்றைய மூடி இரண்டு துண்டு: தட்டையான தகடு ஒன்று, அதைப் பிடித்துவைக்கும் திருகு வளையம் ஒன்று. கேனருக்குள் சூடேறும்போது ஜாடியிலுள்ள காற்று தகட்டின் ஓரமாக வெளியேறும். ஆறியதும் உள்ளே வெற்றிடம் உண்டாகி, தகட்டை விளிம்போடு இழுத்து ஒட்டவைக்கும். ஆக, முத்திரை விழுவதும் விழாததும் அந்த மெல்லிய விளிம்பின் கையில் இருக்கிறது. வாங்கும்போதும் ஒவ்வொரு முறை நிரப்பும் முன்பும் விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். மயிரிழைச் சில்லு தட்டுப்பட்டாலும் ஒதுக்கிவிட வேண்டியதுதான். வளையத்தை மறுபடி பயன்படுத்தலாம். தகடு ஒரு முறைக்குத்தான்.

மயோனைஸ் பாட்டிலைத் தூக்கிப்போட யாருக்குத்தான் மனம் வரும்? மேசன் மூடி அதில் கச்சிதமாக உட்காரவும் கூடும். ஆனால் அதன் விளிம்பு குறுகல். உலோகக் கரண்டி உரசிய கீறல்களும் உள்ளே இருக்கும். சூட்டில் கண்ணாடி விரிசல் விடுவது அங்கேதான். புளிப்பான பழங்களுக்குக் கொதிநீர் முறையில் அதைப் பயன்படுத்தலாம், உடையும் என்று தெரிந்தே. பிரஷர் கேனரில் கூடாது. கம்பிக் கொக்கியும் கண்ணாடி மூடியும் கொண்ட பழைய ஜாடிகள் அழகுதான், பருப்பு போட்டுவையுங்கள்.

அளவிலும் கவனம் வேண்டும். சுமார் அரை லிட்டர் பிடிக்கும் பைன்ட், ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைந்த குவார்ட், இவை இரண்டும்தான் பெரும்பாலும் புழக்கத்தில் உள்ளவை. செய்முறையில் சொன்ன நேரம் அந்தந்த அளவுக்குச் சோதித்தது. பெரிய ஜாடியில் நடுப்பகுதிக்குச் சூடு போய்ச்சேர அதிக நேரம் பிடிக்கும். நேரத்தைக் குத்துமதிப்பாகக் கூட்டிச் சமாளிக்க முடியாது. சாதம் வைக்கும் சின்ன குக்கரும் கேனருக்கு மாற்றாகாது. அது சீக்கிரம் சூடேறி, சீக்கிரம் ஆறிவிடும்; அந்த நேரக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

ஜாடிகள் ஆற 12 முதல் 24 மணி நேரம் விடுங்கள். பிறகு தகட்டின் நடுவில் அழுத்துங்கள். அமுங்கி எழுந்தால் முத்திரை விழவில்லை. அந்த ஜாடி ஃபிரிட்ஜுக்கு. மற்றவற்றின் வளையத்தைக் கழற்றிவிட்டு அலமாரியில் அடுக்கலாம்.