திறந்த யன்னல் என்னும் அளவுகோல்

ஒருகாலத்தில் நான் பௌதிகவியல் விரிவுரையாளன். இப்போது தகடு அழுத்தும் தொழிற்சாலையொன்றில் இரவுவேலை. கூரை தகரம், நிலம் கொங்கிறீற். மேற்பார்வையாளர் எவ்வளவு கத்தினாலும் சொற்கள் பிடிபடுவதில்லை. எனக்கு மொழி தெரியாது என்று அவர் நினைக்கிறார். சென்ற வருடச் செவிப் பரிசோதனையில் வலது காது பழுதென்றார்கள். வீடு திரும்புகையில் வொலஸ் கிளமென்ற் சேபின் நினைவுக்கு வந்தார்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 1868இல் பிறந்தவர் சேபின். கட்டட ஒலியியலை விஞ்ஞானமாக்கியவர். 1895இல் ஹாவாட் பல்கலைக்கழகம், ஃபொக் கலைக்கூடத்தின் புதிய விரிவுரை மண்டபத்தைச் சீர்செய்யும் பொறுப்பை அவரிடம் கொடுத்தது. அங்கு எழுந்த ஒலி அடங்க ஐந்தரைச் செக்கனுக்கு மேல் எடுத்தது. ஒரு சொல் அடங்குமுன் ஒரு முழு வாக்கியம் அதன்மேல் வந்து விழும். உரத்துப் பேசுவதால் இது தீராது. குரல் உயர, எஞ்சிநிற்கும் ஒலியும் கூடவே உயரும்.

இன்னொரு அரங்கின் ஆசன மெத்தைகளை இரவில் சுமந்துவந்து பரப்பி, ஓர்கன் குழாயை ஒலித்து நிறுத்தி, ஒலி காதுக்கு எட்டாமற்போகும் நேரத்தை அளந்தார். விடியுமுன் மெத்தைகள் திரும்பிவிடவேண்டும். தன் உடுப்பும் ஒலியை உறிஞ்சுவதைக் கண்டபோது ஆயிரக்கணக்கான அளவீடுகளைக் கைவிட்டார். அளப்பவரும் அறைக்குள் இருப்பது கணக்கில் விடுபட்டிருந்தது.

1898இல் விதி கிடைத்தது. மண்டபத்தின் கனவளவைக் கனமீற்றரில் எடுத்து, 0.161ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சலால் வகுக்கவேண்டும். ஒலிச்சக்தி பத்து இலட்சத்தில் ஒரு பங்காகத் தேய எடுக்கும் நேரம் வரும். உறிஞ்சலுக்கு அவர் கொண்ட அலகு திறந்த யன்னல். அதனூடு போன ஒலி திரும்பாது. சபையில் அமர்ந்திருக்கும் ஒருவர், அரைச் சதுர மீற்றருக்குச் சற்றுக் குறைந்த திறந்த யன்னலுக்குச் சமம். இக்கணக்கின் துணையோடு கட்டப்பட்ட பொஸ்ரன் சிம்பொனி மண்டபம் 1900இல் திறக்கப்பட்டது. கலாநிதிப் பட்டம் பெறாத சேபின் 1919இல், ஐம்பது வயதில் காலமானார்.

இவ்விதியைப் பல வருடங்கள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். கடைசி வாங்கில் இருந்தவர்களுக்குக் கேட்கிறதா என்று ஒருநாளும் விசாரித்ததில்லை. இன்று எமது கூட்டங்களிலும் இதுவே நடக்கிறது. முன்பு சொன்னவை அடங்காமலிருக்க, புதிதாகப் பேசும் இளையவரின் சொல் அவற்றுள் அமிழ்கிறது. நாமோ ஒலிபெருக்கியைக் கூட்டுகிறோம். சேபினின் கணக்கில், கேட்க வந்திருப்பவர்களே யன்னல்கள்; எமது மண்டபங்களிலோ வெறுங் கதிரைகள் பெருகுகின்றன.

அடுத்த கூட்டத்தில் நான் கடைசி வரிசையில் இருப்பேன். கேட்காவிட்டால் கையை உயர்த்துவேன்.