லேத் பட்டறைக்கு ரோபோ ஏன் தாமதமாக வந்தது?

1961இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில், சுடச்சுட வரும் வார்ப்புகளை எடுத்து அடுக்க முதல் தொழிற்சாலை ரோபோ வேலைக்கு அமர்ந்தது. ஆனால் ஐம்பது, நூறு உருப்படி மட்டும் கடைந்து கொடுக்கும் பட்டறைகளை ரோபோக்கள் நெடுங்காலம் எட்டிப்பார்க்கவில்லை. காரணம் விலை மட்டுமன்று. ஒவ்வொரு புது உருப்படிக்கும் நிரலை மாற்றி, உருப்படியைப் பிடிக்கும் கிரிப்பரைக் கழற்றி மாட்டுவதற்குள் ஆர்டரே முடிந்துவிடும்.

டென்மார்க்கின் ஓடன்ஸ நகரில் 2005இல் தொடங்கப்பட்ட யுனிவர்சல் ரோபோட்ஸ் நிறுவனம் 2008இல் விற்கத் தொடங்கிய இலகுவான ரோபோ கை இந்தக் கணக்கை மாற்றியது. தொழிலாளி அதைப் பிடித்து இழுத்து, கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரத்தில் உருப்படியை இறுக்கிப் பிடிக்கும் சக் வரை கொண்டுபோய்க் காட்டினால் போதும். மூட்டுகளிலுள்ள உணரிகள் அளக்கும் கோணங்கள் நினைவகத்தில் பதிந்துவிடும். ரோபோ கை எதிலாவது மோதினால், விசை கூடுவதை உணர்ந்து நின்றுவிடும். அதனால் பல இடங்களில் வேலி வேண்டியதில்லை. ஆனால் கூரான தகட்டைத் தூக்கும் ரோபோ கைக்கு அந்தச் சலுகை கிடையாது. ரோபோ வந்த பின்னும், கடையும்போது சக்கில் சுற்றிக்கொள்ளும் உலோகச் சுருளை எடுக்க, பல பட்டறைகளில் இன்னும் ஆள்தான் வேண்டும்.