பெயரும் எண்ணும்

ஔவையார் என்னும் பெயருடையார் ஒருவர் அல்லர். அதியமானைப் பாடியவர் வேறு. ஆத்திசூடி அருளியவர் வேறு. இதற்கு மாறாக உ. வே. சா., சாமிநாதையர், தமிழ்த் தாத்தா என வழங்கும் பெயர்கள் யாவும் ஒருவரையே குறிப்பன. கற்றோர் இதனை அறிவர், கணிப்பொறி அறியாது. அதற்கு எழுத்து வேறாயின் ஆளும் வேறே.

தாம்பரத்து மாணவன் ஒருவன் சாமிநாதையர் நூல்களைக் கணிப்பொறியில் தேடுகின்றான் எனக் கொள்வோம். 1943-இல் அவர் பெயரால் நிறுவப்பெற்று இன்று பெசன்ட் நகரில் விளங்கும் நூல்நிலையத்திலும், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும், கடல் கடந்த சிகாகோப் பல்கலைக்கழகத்திலும் அவை உள. ஆயினும் ஒவ்வொரு பட்டியலும் பெயரை ஒவ்வொரு விதமாக எழுதுமாயின், உள்ள நூலும் அவனுக்கு இல்லாததே ஆகும்.

இக்குறை நீங்க, டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேய அறிஞர் 2006-இல் ஒரு நெறி வகுத்தார். ஆளுக்கும் நூலுக்கும் ஊருக்கும் தனித்தனி இணைய முகவரி அளித்து, ஒன்றன் குறிப்பில் மற்றொன்றன் முகவரியைக் கோத்தலே அது. அவ்வாறு கோத்தவற்றை யாவரும் தடையின்றி எடுத்தாள விடுப்பின், அவை இணைப்புடைத் திறந்த தரவு எனப்படும். 2012-இல் தோன்றிய விக்கித்தரவு இத்தகையது. அதில் ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண்ணைப் பட்டியலிற் சேர்த்த நூலகங்கள், பெயரை எம்மொழியில் எழுதினும் ஒருவரையே சுட்டும். சாமிநாதையரிடமிருந்து அவர் 1894-இல் பதிப்பித்த புறநானூற்றுக்கும், அதிலிருந்து அதியமானுக்கும் வழி காட்டலாம். ஆனால் எப்பாடல் எந்த ஔவையார்க்கு உரியது என்பதை எண் சொல்லாது. அதனை நூல் வல்லாரே ஆய்ந்து குறித்தல் வேண்டும்.