உங்கள் டயட் சார்ட்டை எழுதியவர் யார்?

சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று மருத்துவர் சொன்ன மறுநாளே வீட்டுக்கு இளநீர் வந்துவிடும். உடம்புச் சூடு தணியும், நீர் நன்றாகப் பிரியும் என்ற அக்கறையில் சொந்தபந்தங்கள் வாங்கி வருவது அது. ஒரு டம்ளர் இளநீரில் ஏறக்குறைய 400 முதல் 600 மில்லிகிராம் வரை பொட்டாசியம் இருக்கிறது. நல்ல சிறுநீரகம் மிகுதியை வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் அது முடியாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பு தடுமாறும், நின்றும் போகலாம். ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று கடையில் விற்கும் ‘சோடியம் குறைந்த உப்பு’ பாக்கெட்டிலும் இதே ஆபத்து உண்டு. சோடியத்துக்குப் பதிலாக அதில் பெரும்பாலும் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு.

இப்படிப்பட்ட நோயாளி எதைச் சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம் என்று கணக்கிட்டுச் சொல்வதற்கென்றே படித்தவர்தான் டயட்டீஷியன். தேர்ந்த ஒருவர் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் அவர்மேல் மரியாதை வரும். முதலில் கிரியாட்டினின், பொட்டாசியம், பாஸ்பரஸ் அளவுகளைப் பார்ப்பார். ஒரு நாளைக்கு எவ்வளவு சிறுநீர் போகிறது, என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்பார். அதன் பிறகு உங்கள் வீட்டில் குழம்பு எப்படி வைப்பீர்கள் என்பதற்கு வருவார். காயைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கச் சொல்வார்; பொட்டாசியத்தில் ஒரு பகுதி அதோடு போய்விடும். டயாலிசிஸுக்கு முன்பு பருப்பையும் முட்டையையும் குறைக்கச் சொன்ன அதே ஆள், டயாலிசிஸ் தொடங்கியதும் புரதத்தைக் கூட்டச் சொல்வார். ஒவ்வொரு முறை ரத்தம் சுத்திகரிக்கப்படும்போதும் அமினோ அமிலங்களும் வெளியேறுவதுதான் காரணம். பழைய சார்ட்டையே பிடித்துக்கொண்டிருப்பவர் மெலிந்து, நோய்த்தொற்றுக்கு எளிதில் ஆளாவார். பக்கத்துக் கட்டில்காரரின் சார்ட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இது ஒன்றே போதும்.

இந்தக் கணக்குகளை அவர்கள் ஊகத்தில் போடுவதில்லை. நம் ஊர்க் கீரையிலும் கிழங்கிலும் என்ன இருக்கிறது என்பதை ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆய்வகத்தில் அளந்து, 2017-ல் அட்டவணையாக வெளியிட்டிருக்கிறது. அந்த நிறுவனத்தின் வேர் நம் குன்னூரில் இருக்கிறது. 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் அங்கே பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த அமைப்பு அது. நூறாண்டு உழைப்பின் பலன் இப்படிக் கையில் இருக்கும்போது, ஒரு செல்போன் வீடியோவை நம்பி நோயாளியின் தட்டை மாற்றுகிறோமே என்பதுதான் என் கவலை.

டயட் சார்ட் என்பது சிகிச்சையின் ஒரு பகுதி. மருந்துச் சீட்டை எழுதியவர் யார் என்று பார்ப்பதுபோல இதை எழுதியவர் யார் என்றும் பார்க்க வேண்டும். நியூட்ரிஷனிஸ்ட், நியூட்ரிஷன் கோச், வெல்னெஸ் எக்ஸ்பர்ட் என்று பலகை மாட்டியிருப்பவர்களில் முறையாகப் படித்தவரும் இருப்பார், சில வார ஆன்லைன் வகுப்போடு வந்தவரும் இருப்பார். பலகையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. 1963-ல் தொடங்கப்பட்ட இந்திய உணவியல் சங்கம், ‘ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன்’ என்ற தகுதியை வழங்குகிறது. உணவியலில் உயர்படிப்பு, மருத்துவமனைப் பயிற்சி, அதற்குமேல் ஒரு தேர்வு ஆகியவற்றைத் தாண்டினால்தான் பெயருக்குப் பின்னால் ஆர்.டி. என்று போட்டுக்கொள்ளலாம். 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழிலாளர்களுக்கான ஆணையச் சட்டமும் டயட்டீஷியன்களைத் தன் பட்டியலில் சேர்த்து, மத்தியிலும் மாநிலங்களிலும் பதிவேடு வைக்க வழி செய்கிறது. பதிவு இல்லாமலே பதிவு பெற்றவராகக் காட்டிக்கொள்வது அந்தச் சட்டப்படி குற்றம். முதல் முறை அபராதம். மறுபடி செய்தால் சிறைக்கும் இடமுண்டு.

ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள்: என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள், பதிவு எண் என்ன? நேர்மையானவர் கோபிக்க மாட்டார். சார்ட்டில் அவர் பெயரும் தேதியும் இருக்கட்டும். மருத்துவமனையில் படுத்திருக்கும்போதே ‘டயட்டீஷியனைப் பார்க்க வேண்டும்’ என்று வார்டில் சொல்லலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றிலும் உணவியல் பிரிவு இருக்கிறது. மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்ற விதியும் உண்டு. அப்போது சார்ட்டையும் சேர்த்தே கேளுங்கள்.

இரண்டு பேச்சுகளைக் கேட்டால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். ஒன்று, ‘மாத்திரையை நிறுத்திவிடுங்கள், உணவிலேயே சரியாகிவிடும்.’ டயட்டீஷியனுக்கு மருந்தை நிறுத்தும் அதிகாரம் கிடையாது. மருந்தைக் குறைக்க வேண்டியிருந்தால் நல்ல டயட்டீஷியன் மருத்துவரிடம்தான் அனுப்புவார். டைப் 1 சர்க்கரை நோயுள்ள குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிர் போகலாம். கிளிமிபிரைடு மாத்திரை போடுபவர் விரதமுறை என்று வேளையைத் தவறவிட்டால் சர்க்கரை சரிந்து மயங்கிவிழலாம். டாபாகிளிஃப்ளோசின் எடுப்பவர் கீட்டோ உணவில் இறங்கினால் ரத்தம் அமிலமாகும் நிலை வரலாம். அப்போது குளுக்கோமீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறியிருக்காது என்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது. வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுபவர் திடீரென்று தினமும் கீரைச்சாறு குடித்தால் மருந்தின் வேலை குறைந்துபோகும். விவரம் தெரிந்தவர் அவருக்கும் கீரையைத் தடுப்பதில்லை. அளவு நாளுக்கு நாள் மாறாமல் இருக்க வேண்டும் என்பார்.

இன்னொன்று, ‘இந்தப் பவுடரை என்னிடமே வாங்கிக்கொள்ளுங்கள்.’ டப்பாவில் 14 இலக்க உரிம எண் இருப்பது தயாரிப்பாளர் உரிமம் பெற்றிருக்கிறார் என்பதற்கு அடையாளம், நோய் குணமாகும் என்பதற்கு அல்ல. ஊட்டச்சத்துப் பவுடர்களின் லேபிளிலேயே ‘மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல’ என்று அச்சிட வேண்டும் என்பது விதி. சர்க்கரை நோயையும் உடல் பருமனையும் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மந்திர மருந்து விளம்பரத் தடைச் சட்டம் தடை செய்கிறது.

கட்டணம் கொடுத்துப் பெற்ற தவறான ஆலோசனையால் பாதிப்பு வந்தால் அது சேவைக் குறைபாடு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதியலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. தவறான விளம்பரம் என்றால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். விளம்பரத்தில் முகம் காட்டிய பிரபலத்துக்கும் அபராதம் விதிக்கலாம். பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், முன்னும் பின்னும் எடுத்த ரத்தப் பரிசோதனை அறிக்கைகள் எதையும் அழித்துவிடாதீர்கள்.

வாந்தி, மஞ்சள் நிறக் கண், மூச்சிரைப்பு, தலைசுற்றல் வந்தால் புகாரெல்லாம் பிறகு, முதலில் மருத்துவமனை. போகும்போது அந்த சார்ட்டையும் பவுடர் டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். என்ன உள்ளே போயிருக்கிறது என்று தெரிந்தால்தான் மருத்துவரால் சரியான சிகிச்சையைத் தொடங்க முடியும்.