பகரம் வந்த கை

விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் நுழைகிறவர்களைக் குலசேகரத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறைந்துவிடும். வழக்கமாக வெட்டுகிறவர் காய்ச்சலில் படுத்தால் அவருக்குப் பகரம் ஓர் ஆள் வேண்டும். சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் தோட்டத்துக்கு அப்படி வந்தவன் நல்ல கைபலமுள்ள பையன். கத்தியை அழுத்தி இழுத்தான். பட்டையைத் தாண்டித் தடியைத் தொடுவதற்கு ஒரு மில்லிமீட்டர் இருக்கும்போதே கத்தி நின்றாக வேண்டும். அவன் கத்தி நிற்கவில்லை. அன்றைக்குச் சிரட்டையில் பால் என்னவோ நன்றாகத்தான் விழுந்தது. காயம்பட்ட பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்ததால் அந்தப் பக்கம் மறுபடியும் கத்தி வைக்க முடியாமல் போனது.

பகரம் வருகிறவனுக்குக் கைபலம் எவ்வளவு வேண்டும் என்ற கேள்வி அன்றிலிருந்தே என்னிடம் இருக்கிறது. நம் மாநிலத்தில் அதற்குப் பதில் சொல்லத் தகுந்தவர் ஒருவர் உண்டு: கிரிக்கெட் வீரர் தினேஷ் கார்த்திக்.

தோனிக்கு மூன்று மாதம் முன்பே, 2004 செப்டம்பரில் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியாவுக்கு ஆடத் தொடங்கியவர் கார்த்திக். அந்த மூன்று மாதத்தால் ஒரு பயனும் இல்லை. டிசம்பரில் தோனி வந்தார். அதற்குப் பிறகு விக்கெட் கீப்பர் கையுறை தோனியுடையது. 2010 ஜனவரியில் ஒரு டெஸ்ட் ஆடிய கார்த்திக், அடுத்த டெஸ்டை ஆடியது 2018 ஜூனில். எட்டு வருடக் காத்திருப்பு! வேறு யாராவது என்றால் வர்ணனையாளர் வேலைக்குப் போயிருப்பார்கள். (கார்த்திக்கும் பின்னாளில் போனார், ஆனால் ஆடிக்கொண்டே போனார்.)

2018 மார்ச் 18. கொழும்பு பிரேமதாசா மைதானத்தில் நிதாகஸ் கோப்பை இறுதி ஆட்டம். தோனிக்கு ஓய்வு கொடுத்திருந்ததால் கார்த்திக் விக்கெட் கீப்பர். பங்களாதேஷ் எடுத்தது 166. ஆறாவது ஆளாக இன்னொரு தமிழ்நாட்டுக்காரர் விஜய் சங்கரை அனுப்பிவிட்டு, கார்த்திக்கை ஏழாவதாக நிறுத்திவைத்தார் கேப்டன் ரோகித் சர்மா. கார்த்திக் உள்ளே வந்தபோது 12 பந்தில் 34 ரன் வேண்டும். ரூபல் ஹுசைன் வீசிய முதல் பந்தே சிக்ஸர். அந்த ஓவரில் மட்டும் 22. கடைசிப் பந்தில் 5 ரன் தேவை என்ற நிலையில் சௌம்யா சர்க்கார் வீசியதை எக்ஸ்ட்ரா கவருக்கு மேலே தட்டையாக அடித்தார். பந்து கயிற்றைத் தாண்டி விழுந்தது. 8 பந்தில் 29 ரன்.

அந்தக் கடைசி அடியைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். கார்த்திக்குக்குக் கெயில் போன்ற தோளோ போலார்ட் போன்ற புஜமோ கிடையாது. பந்து உயரமாகக்கூடப் போகவில்லை. கிரீஸுக்குள் நன்றாகப் பின்வாங்கி நிற்பது அவர் பழக்கம். யார்க்கராக விழ வேண்டிய பந்து அப்போது அடிக்க வாகான நீளத்துக்கு வந்துவிடும். எல்லைக்கோட்டைத் தாண்ட எவ்வளவு பலம் வேண்டுமோ அவ்வளவு இருந்தது. மிச்ச வேலையைக் காலும் கண்ணும் பார்த்துக்கொண்டன.

இதே கேள்வியை அமெரிக்காவில் பெரும்பணம் வைத்துக் கேட்கிறார்கள். அங்கே கால்பந்து என்ற பெயரில் ஆடுவது பெரும்பாலும் கையால்தான். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர் குவார்ட்டர்பேக். அவர் அடிபட்டு வெளியேறினால் இறங்குவதற்கு ஒரு பகரக்காரரைச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருப்பார்கள். அறுபது கஜம் எறியும் கையைக் கண்டால் தேர்வாளர்களுக்கு ஒரு மயக்கம். 2007-இல் புதுமுகங்களுக்கான தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜமார்கஸ் ரஸல் அப்படியொரு இரும்புக்கை. மூன்றே பருவங்களில் வெளியே போனார். 2000-இல் 199-வது ஆளாக எடுக்கப்பட்ட டாம் பிரேடியின் கையை யாரும் மெச்சவில்லை. 2001 செப்டம்பரில், பலத்த கைக்குப் பேர்போன டிரூ பிளெட்சோ அடிபட்டு விழ, பிரேடி இறங்கினார். அந்தப் பருவத்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் கோப்பை அவர் கைக்கு வந்தது. கார்த்திக்கின் சிக்ஸருக்குச் சரியாக ஆறு வாரம் முன்பு, 2018 பிப்ரவரி 4 அன்று, பிலடெல்பியாவுக்குச் சூப்பர் பவுல் வென்று தந்த நிக் ஃபோல்ஸும் காயம்பட்டவருக்குப் பகரம் வந்தவர்தான்.

பலத்த கைதான் வேண்டும் என்கிற எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது. வாரம் முழுக்கப் பயிற்சிப் பந்துகள் முதல் ஆளுக்கே போகும். பகரக்காரருக்குப் பந்து பிடிக்கிறவர்களோடு பழக்கம் குறைவு. யார் எப்போது எங்கே திரும்புவார் என்று தெரிந்துகொள்ள அரை நொடி கூடுதலாகும். அந்தத் தாமதத்தை ஈடுகட்ட வேகமான கை உதவும். மைதானத்தின் மறுகோடிக்குப் போகும் பந்து மெதுவாகப் போனால் எதிராளி பறித்துக்கொள்வான். இதை நான் மறுக்கவில்லை.

பலமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் ஆட்டம் உண்டு. 2022 தேர்வில் கடைசி ஆளாக, 262-வதாக வந்தவர் சான் பிரான்சிஸ்கோவின் பிராக் பர்டி. முன்னால் இருந்த இருவரும் காயம்பட, அணியை அரையிறுதி வரை கொண்டுவந்தார். 2023 ஜனவரியில் அந்த ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அவர் முழங்கைத் தசைநார் கிழிந்தது. பகரத்துக்கு வந்தவருக்கும் தலையில் அடி. எறியவே முடியாத கையோடு பர்டி திரும்பவும் இறங்கினார். முடிவு 31-7, தோல்வி.

என் கணக்கில், பலம் ஓர் அளவு வரை கட்டாயம். அதற்கு மேல் உள்ளது வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு. பகரக்காரருக்கு உண்மையில் குறைவது பழக்கம். கார்த்திக் 2022 ஐபிஎல்லில் பெங்களூரு அணிக்குக் கடைசி ஓவர்களின் ஆளாக இறங்கி 330 ரன் குவித்து, 37 வயதில் உலகக் கோப்பை அணிக்குள் வந்ததும், அந்தச் சில பந்துகளுக்காக மட்டுமே பயிற்சி எடுத்துத்தான்.

குலசேகரம், திருவட்டாறு, பேச்சிப்பாறை பக்கம் கிரிக்கெட்டும் வாலிபாலும் குழு நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பகரக்காரனைப் பந்து பொறுக்கவும் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் மட்டும் வைத்திருக்காதீர்கள். வாரத்தில் ஒரு சாயங்காலம் முதல் ஆளை வெளியே உட்காரவைத்துவிட்டு, அவனை மெயின் ஆட்களோடு ஆட விடுங்கள்.