களைக்கொல்லி கேனில் என்ன பெயர் இருக்கிறது?

கிருஷ்ணகிரி மாந்தோப்பிலும் ஓசூர் ரோஜாத் தோட்டத்திலும் களையெடுக்க ஆள் கிடைக்காதபோது களைக்கொல்லி கேனைத் தேடுகிறோம். மூடியைத் திறக்குமுன் அதிலுள்ள பெயரைப் படியுங்கள்.

டைகுவாட், பாராகுவாட் என்ற இரண்டு பெயர்களும் ஒரே மூலத்திலிருந்து வருபவை. ஐந்து கார்பனும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்த வளையம் பிரிடின். இரண்டு பிரிடின் வளையங்கள் இணைந்தால் பைபிரிடின். இணையும் இடத்தைப் பொறுத்து இதற்கு ஆறு மாற்றியங்கள் உண்டு. 2,2' வகையிலிருந்து வருவது டைகுவாட். 4,4' வகையிலிருந்து வருவது பாராகுவாட். இரண்டும் களையைக் கருக்கும். ஆனால் பாராகுவாட்டை மட்டும் நம் நுரையீரல் செல்கள் உடலுக்கு வேண்டிய பொருளென ஏமாந்து உள்ளே இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. டைகுவாட் பெரிதும் தாக்குவது சிறுநீரகத்தை. பாராகுவாட்டுக்கு முறிமருந்து இல்லை. கேரளம் 2011இல் இதைத் தடை செய்தது.

கடையில்: லேபிள் உள்ள மூடிய கேனை மட்டும் வாங்குங்கள். பாட்டிலில் ஊற்றித் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எல்லை தாண்டி கர்நாடகத்தின் அத்திப்பள்ளியில் வாங்கினாலும் பில் கேளுங்கள். பில் தருவது கடைக்காரரின் கடமை. எந்தப் பயிருக்கு அனுமதி என்பது லேபிளில் இருக்கும். வீட்டில் ஜூஸ் பாட்டிலுக்கு மாற்றவே கூடாது.

வேலையில்: பூச்சிமருந்து விதிகள், 1971இன்படி தெளிப்பவருக்குப் பாதுகாப்பு உடை, பயிற்சி, முதலுதவி வசதி தரவேண்டியது வேலை கொடுப்பவர். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி பேசுவோர் கலந்து வேலை செய்யும் ஊர் இது. லேபிளைப் படிக்கத் தெரியாதவருக்கு அவர் மொழியில் சொல்லிவிட்டு மருந்தைக் கையில் கொடுங்கள்.

ஆபத்தில்: மேலே கொட்டினால் உடையைக் கழற்றி, சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். வாய்க்குள் போனால் அறிகுறிக்குக் காத்திராமல் 108ஐ அழையுங்கள். பாராகுவாட் என்றால் முதல் நாள் வாய்ப்புண்ணோடு நின்றதுபோல் தெரியலாம்; நுரையீரல் பாதிப்பு சில நாள் கழித்தே வெளிப்படலாம். கேனையும் எடுத்துச் செல்லுங்கள். பெயர் தெரிந்தால்தான் மருத்துவர் எந்த உறுப்பைக் காப்பது என்று முடிவெடுக்க முடியும். மனம் உடைந்திருக்கும் யாரும் வீட்டில் இருந்தால் கேனைப் பூட்டி வையுங்கள். மனநல உதவி எண் 14416இல் எந்நேரமும் பேசலாம்.

தீர்வுக்கு: லேபிள் இல்லாத விற்பனையை வட்டார வேளாண்மை அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் செய்யுங்கள். பில் தராத கடை பற்றி நுகர்வோர் உதவி எண் 1915இல் சொல்லலாம். மருந்து தெளிக்கும் கூலியாளுக்கு வேலையில் பாதிப்பு வந்தால் இழப்பீடு கோரும் உரிமை உண்டு. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டமே தன் பட்டியலில் இத்தொழிலைச் சேர்த்திருந்தது. இழப்பீடு கோரும்போது கையில் இருக்கவேண்டியவை மூன்று: பில், மருத்துவச் சீட்டு, பெயர் அழியாத கேன்.