பள்ளியின் சாவி யாரிடம்?



மாலை ஐந்து மணி. அரசுப் பள்ளியின் இரும்புக் கதவில் பூட்டு தொங்குகிறது. நான்கு சிறுவர்கள் சுற்றுச்சுவர் மேல் ஏறி உள்ளே குதிக்கிறார்கள். காலையில் புத்தகப் பையுடன் அதே கதவு வழியாக உள்ளே போனவர்கள்தான் அவர்கள். காலையில் மாணவர்கள், மாலையில் அத்துமீறி நுழைந்தவர்கள்!

நான் முன்பு பணியாற்றிய ஒரு கடலோரப் பங்கில் அன்றாடம் கண்ட காட்சி இது. ஒருநாள் ஒரு சிறுவன் சுவரிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டான். ஊர் கூடிப் பேசியது. சுவரை இன்னும் இரண்டு அடி உயர்த்த வேண்டும் என்று முடிவாயிற்று. கதவைத் திறந்துவிட்டால் என்ன என்று அன்று எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை இன்று கேட்டுப் பார்ப்போம்.

பூட்டிக் கிடக்கும் நேரம்

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 220 வேலை நாட்களும் 1,000 மணி நேரக் கற்பித்தலும் வேண்டும் என்கிறது. ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம் உண்டு. இரவு நேரத்தைக் கழித்துவிட்டாலும், மாலைகளும் விடுமுறை நாட்களுமாக நெடுநேரம் பள்ளி வளாகம் வெறுமையாகவே கிடக்கிறது. மைதானம், மரநிழல், குடிநீர்க் குழாய், கழிப்பறை, மின்விளக்கு, நூலக அலமாரி எல்லாம் மக்களின் வரிப்பணத்தில் உருவானவை. ஆனால் அதே ஊரில் பிள்ளைகள் வண்டிகள் ஓடும் சாலையில் விளையாடுகிறார்கள். ஓரறை வீட்டில், தொலைக்காட்சிச் சத்தத்தின் நடுவே, பத்தாம் வகுப்பு மாணவி தேர்வுக்குப் படிக்கிறாள்.

ஆபத்தில் திறக்கும் கதவு

இந்தக் கதவு திறக்கவே திறக்காதது அல்ல. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது, நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிர் தப்பியவர்கள் முதலில் ஓடி ஒதுங்கிய இடங்களில் ஊர்ப் பள்ளிகளும் இருந்தன. வகுப்பறைகளே வீடுகளாயின. 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோதும் பள்ளிகளே முகாம்களாயின. தேர்தல் வந்தால் நாம் வாக்களிப்பதும் பெரும்பாலும் பள்ளியில்தான்.

ஆக, பள்ளி ஊருக்குப் பொதுவானது என்பதை நாம் ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் புயலுக்கும் தேர்தலுக்கும் மட்டுமே. சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை மாலைக்கு அது ஏன் பொருந்தாமல் போகிறது?

பிறர் செய்து பார்த்தது

இந்தக் கேள்வியை வேறு நாட்டவர்கள் வெகுநாட்களுக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயர் பகுதியில் கல்வித் துறைச் செயலாளராக இருந்த ஹென்றி மோரிஸ், 1924-இல் ஒரு திட்டத்தை முன்வைத்தார். அங்கே கிராமங்கள் நலிந்து, இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தனர். பள்ளி, நூலகம், ஊர் மன்றம் ஆகியவற்றைத் தனித்தனியே கட்டப் பணம் போதாது. எனவே மூன்றையும் ஒரே வளாகத்தில் கட்டுவோம், பகலில் பிள்ளைகளும் மாலையில் பெரியவர்களும் பயன்படுத்தட்டும் என்றார் அவர். இவ்வாறு முதல் 'கிராமக் கல்லூரி' 1930-இல் சாஸ்டன் என்னும் ஊரில் திறக்கப்பட்டது.

அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் பிள்ளைகள் தெருவில் திரிந்து விபத்திலும் வம்பிலும் சிக்கினார்கள். அங்கே உடற்கல்விப் பொறுப்பில் இருந்த ஃபிராங்க் மேன்லி, பூட்டிக் கிடக்கும் பள்ளிகளைத் திறக்க வேண்டும் என்று பேசினார். அதைக் கேட்ட தொழிலதிபர் சார்லஸ் மாட் 1935-இல் 6,000 டாலர் கொடுத்தார். அதைக் கொண்டு ஐந்து பள்ளிகள் மாலையில் திறக்கப்பட்டன. கட்டடங்கள் ஏற்கெனவே இருந்தன. பணம் தேவைப்பட்டது திறந்து வைப்பதற்கும் உடனிருந்து நடத்துவதற்கும்தான்.

தலைமையாசிரியரின் அச்சம்

இங்கே ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. கதவைத் திறக்கச் சொல்வது எளிது. திறந்தவருக்கு வரும் தொல்லை பெரிது. அந்த ஊர்த் தலைமையாசிரியையிடம் பிறகொரு நாள் நான் இதைப் பற்றிப் பேசியபோது அவர் சொன்னார்: "ஃபாதர், திங்கட்கிழமை காலையில் உடைந்த பாட்டிலை நான்தான் பொறுக்குகிறேன். குழாய் உடைந்தால் அதிகாரிக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். ஊரார் யாராவது வருவார்களா?"

அவர் கேட்டது நியாயமே. ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் கட்டடத்தைப் பராமரிப்பது ஒன்றியம். பள்ளியை நடத்துவது கல்வித் துறை. பயன்படுத்த விரும்புவது ஊர். மூவர் பொறுப்பு என்றால் நடைமுறையில் எவர் பொறுப்பும் இல்லை. அதனால் பூட்டிவைப்பதே பாதுகாப்பு என்றாகிறது.

ஆகவே நல்ல மனம் மட்டும் போதாது. எழுதிவைத்த ஒப்பந்தம் வேண்டும். எந்த நாட்கள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? மைதானம் மட்டுமா, வகுப்பறையும் உண்டா? சாவி யார் கையில்? கூட்டிப் பெருக்குவது யார்? மின்கட்டணம், உடைந்த பொருள் ஆகியவற்றின் செலவு யாருடையது? பிள்ளைகளோடு கூட இருக்கப் போகும் பெரியவர்கள் யார் யார்? இவற்றுக்குப் பதில் எழுதி, அதிகாரியின் அனுமதியும் பெற்ற பிறகு கதவைத் திறந்தால் தலைமையாசிரியர் நிம்மதியாக உறங்குவார். வகுப்பு நேரம், தேர்வு, பிள்ளைகளின் பாதுகாப்பு இவையே எப்போதும் முதலில். கட்சிக் கூட்டத்துக்கும் தனியார் வியாபாரத்துக்கும் அங்கே இடம் கூடாது.

'எல்லாரும்' என்றால் யார்?

அந்த ஊரில் ஆறு மாதப் பேச்சுக்குப் பிறகு, மைதானம் மட்டும் மாலையில் ஒன்றரை மணி நேரம் திறக்கப்பட்டது. 'எல்லாரும் வரலாம்' என்று பலகை வைத்தோம். முதல் வாரம் வந்தவர்கள் எல்லாரும் பையன்கள். அதிலும் ஒரே தெருப் பையன்கள். கீழத்தெருப் பிள்ளைகள் வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பலகை அழைத்தது; ஆனால் ஊரின் பழைய வழக்கம் தடுத்தது.

பிறகு இரண்டு தெருப் பெரியவர்களும் சேர்ந்து முறைவைத்துக் காவலிருந்தார்கள். பெண் பிள்ளைகளுக்கென வாரம் இரண்டு நாள் ஒதுக்கப்பட்டது. அதன் பின்னரே கூட்டம் கலந்தது. பொது இடம் பூட்டைத் திறப்பதால் மட்டும் பொதுவாகிவிடாது. தயங்கி நிற்பவனிடம் போய், "நீயும் வா" என்று கூப்பிட வேண்டும்.

நாம் செய்யக் கூடியது

அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்களில் சிலர் அதில் உறுப்பினராக இருப்பீர்கள். அடுத்த கூட்டத்தில் இந்தப் பேச்சைத் தொடங்குங்கள். கிராம சபையிலும் கேளுங்கள். "திறந்துவிடுங்கள்" என்று மட்டும் கேட்காமல், "பெருக்குவதற்கு நாங்கள் வருகிறோம்" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிறரிடம் கேட்கும் முன் நம் பக்கமும் பார்ப்போம். அரசு உதவி பெறும் நம் பள்ளிகளில் ஆசிரியர்களின் ஊதியம் மக்கள் பணத்திலிருந்தே வருகிறது. அந்த மைதானங்கள் மாலை ஐந்து மணிக்கு எப்படி இருக்கின்றன? எத்தனை பங்குகளில் சாவி பங்குத்தந்தையின் மேசை அறைக்குள்ளேயே கிடக்கிறது?

கை முறிந்த அந்தச் சிறுவன் குணமாகிவிட்டான். சுவர் உயர்த்தப்படவில்லை. இன்று மாலை நீங்கள் உங்கள் ஊர்ப் பள்ளியைக் கடந்து போகும்போது, கதவை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். பூட்டியிருந்தால், சாவி யாரிடம் என்று கேளுங்கள்.